முள் உடைந்த கல்

என் அலமாரியில், பென்ஷன் புத்தகத்துக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில், ஒரு கல் இருக்கிறது. நாவல் கொட்டை அளவு. கரும்பழுப்பு நிறம். மேலெல்லாம் சின்னச் சின்ன முட்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு முள் மட்டும் உடைந்து, அந்த இடம் வெளுத்திருக்கும். வருகிறவர்கள் கேட்டால் ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்பேன். அது பொய்யில்லை. யாருடைய மூத்திரப்பையில் அது வளர்ந்தது என்பது எனக்குத் தெரியாது. என் உடம்பில் வளரவில்லை என்பது தெரியும். ஆனால் ஆபரேஷன் பதிவேட்டின்படி அது என்னுடையது. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லை.

சேலம் ஜில்லாவில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உதவியாளராக இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இன்று அங்கே வேலை பார்ப்பவர்கள் தாங்கள் செய்யாத ஒன்றுக்கு வெட்கப்பட வேண்டாம். இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். டாக்டராவதற்கு இடம் கிடைக்கவில்லை, டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்க இடம் கிடைத்தது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பெரிய டாக்டரின் புத்தகங்களை அவர் அனுமதியோடு ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து முடித்தேன். சில வருஷத்தில், அவர் கை நீட்டுவதற்கு முன்பே என்ன கருவி வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாததும் தெரிந்தது: எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எக்ஸ்ரே படம் தீர்ந்தால் யாருக்கு எழுதுவது, இறந்தவரின் வேட்டியை யாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பது. என்னைக் கேட்காமல் அங்கே ஒரு பஞ்சு நகராது.

எங்கள் பக்கம் நீர்க்கோளாறுக்குக் குறைவே கிடையாது. நாள் முழுக்க வெயிலில் வேலை, குடிப்பது ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர். லாரி ஓட்டுகிறவர்கள் இறங்க நேரமில்லாமல் அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு கடைசியில் எங்களிடம் இறங்குவார்கள். ஆத்தூர்ப் பக்கத்துக் கிழவர்கள், ஒரு பகல் முழுக்க நீர் பிரியாமல், அடிவயிறு பூசணிக்காயாக வீங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார்கள். கொதிக்க வைத்த சிவப்பு ரப்பர் குழாயை நான்தான் உள்ளே விடுவேன். பை வடிய வடிய அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

கல் விஷயம் வேறு. ஒருநாள் டீ குடிக்கும்போது பெரிய டாக்டர் சிவப்பு நீலப் பென்சிலால் ஒரு பழைய உறையின் முதுகில் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். இரண்டு சிறுநீரகங்கள், கீழே மூத்திரப்பை, இரண்டையும் இணைக்கும் இரண்டு கோடுகள்.

"இதக் குழாய்னு சொல்றோம். குழாய் இல்லப்பா இது, புழு," என்றார். "வயித்தத் திறந்தா நரம்பா, ரத்தக்குழாயா, இதுவான்னு சந்தேகம் வரும். இடுக்கியால லேசாத் தொட்டுப் பாரு. நெளிஞ்சா இதுதான்."

அதற்குப் பிறகு பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேல், பென்சிலை விட மெல்லியது, வெளிறிய நிறம். தொட்டால் நெளியும். மேலிருந்து கீழே சுருங்கிச் சுருங்கி நீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் தலைகீழாக நின்றாலும் தள்ளும்.

அந்தக் குழாயில் மூன்று இடுக்குகள். சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம் ஒன்று. இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய ரத்தக்குழாய் மேல் ஏறி இறங்கும் இடம் இரண்டு. மூத்திரப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழையும் இடம் மூன்று. சாய்வாக நுழைவதற்குக் காரணம் உண்டு. பை நிறையும்போது அதன் சுவரே அந்த வழியை அமுக்கி மூடிவிடும், மடைக்குப் பலகை போடுவது போல. வந்த நீர் திரும்பிப் போகாது. மூன்று இடுக்கிலும் அதுதான் மிகக் குறுகல்.

"கல் இந்த மூணுல ஒண்ணுலதான் மாட்டும்," என்றார் டாக்டர். "எதுலன்னு போன வாரப் படத்தப் பாத்து முடிவு பண்ணாதே. கல் நடக்கும். தியேட்டருக்குக் கொண்டுவர்ற வழியில இன்னொரு படம் எடுக்கணும். எடுக்காமத் திறக்கறவன் முட்டாள். இன்னொண்ணு. வலி நின்னுபோச்சுன்னு சந்தோஷப்படாதே. முழுக்க அடைச்சுக்கிட்டாலும் வலி நிக்கும். அப்புறம் சிறுநீரகம் சத்தம் போடாமச் சாகும்."

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

தியேட்டர் அலமாரியில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பாட்டில் இருந்தது. எடுத்த கற்களில் பார்க்க நன்றாக இருப்பவற்றை டாக்டர் அதில் சேர்த்து வந்தார். பயிற்சிக்கு வரும் நர்சுகளுக்குக் காட்டுவதற்கு. முள் கல்லும் அதில்தான் இருந்தது. யாரோ ஒருவரின் மூத்திரப்பையிலிருந்து நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்தது. அதைக் கழுவும்போது கை தவறித் தரையில் போட்டு, முள்ளை உடைத்தவன் நான். டாக்டரிடம் சொல்லவில்லை.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். கல்லுக்கு ஆபரேஷன் என்றால் கல்லைக் கண்ணால் பார்க்க வேண்டும். வயிற்றைக் கிழித்துத் தைத்தோம் என்பது அவர்களுக்குச் சாட்சி ஆகாது. கல்தான் சாட்சி. தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நான் கிண்ணத்தோடு வெளியே வருவேன். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். கையில் வாங்கிப் பார்ப்பார்கள், ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள், சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் "உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்பார்கள்.

மோகனூரிலிருந்து ஒரு விவசாயிக்கு இடது பக்கம் கல் என்று வந்தார்கள். நோயாளி தம்பி, கூட வந்தவர் அவருடைய அண்ணன், தோட்டம் துரவு உள்ள பெரிய குடும்பத்து மூத்தவர். திறந்து பார்த்தால் படத்தில் இருந்த இடத்தில் கல் இல்லை. கல் நடந்துவிட்டது. தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை. தானாகக் கீழே இறங்கிப் போய்விடும் என்று சொல்லி டாக்டர் தைத்து முடித்தார். வழியில் படம் எடுக்கவில்லை. அன்று படம் இருப்பில் இல்லை. வெறும் கையோடு நான் வெளியே போனேன்.

"கல்லு எங்கீங்க?" என்றார் மூத்தவர்.

"நல்லபடியா முடிஞ்சதுங்க."

"அது சரீங்க. கல்லு?"

பின்னால் எட்டுப் பத்துப் பேர். ஒருத்தர் இன்னொருத்தரிடம், "கல்லே இல்லாம வெறும் வயித்த அறுத்துப்போட்டாங்களாட்ட இருக்குதே" என்றார். "ஊட்டுக்குப் போயி என்னத்தக் காட்டறது?" என்றது இன்னொரு குரல். டாக்டரைப் பற்றி மோகனூர் முழுக்க என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. "கழுவிட்டிருக்கோம், கொண்டு வாரேன்" என்று உள்ளே போனேன். பாட்டிலைத் திறந்து, இருப்பதில் எடுப்பாக இருந்ததை எடுத்தேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டுக் கை கழுவினார்.

நாவல் கொட்டை அளவுக் கல் பென்சிலை விட மெல்லிய குழாயில் எப்படி இருக்கும் என்று மோகனூர்க்காரர்களில் யாரும் கேட்கவில்லை. மூத்தவர் மட்டும் கட்டைவிரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். உடைந்த இடத்தில் விரல் நின்றது.

"இந்த முள்ளு ஒடஞ்சிருக்குதே சாமி. ஒடஞ்சது உள்ளயே கெடக்குமுங்களா?"

"இல்லீங்க. எடுக்கும்போது ஒடஞ்சது. அதையும் எடுத்தாச்சு."

"ஆத்துல போட்டுத் தலைமுழுகோணும். குடுங்க, கொண்டு போறோம்."

அதற்கும் என்னிடம் விதி இருந்தது. அந்த நிமிஷத்தில் உண்டாக்கினேன். "கல்லு மெட்ராசுக்கு டெஸ்டுக்குப் போகணுங்க. கவர்மெண்டு ரூலு."

மெட்ராஸ் என்றதும் மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். கல் பாட்டிலுக்குப் போனது.

அதன் பிறகு அது நடைமுறையாகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. கல் கிடைக்காத நாட்களில் டாக்டர் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், நான் கிண்ணத்தை எடுப்பேன். ஏழெட்டு முறை இருக்கும். தியேட்டரில் இதைத் தொட மறுத்தவர் ஒருவர் மட்டும்தான்: எங்கள் சிஸ்டர். சேலம் டவுனில் மாதா கோயில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம்; என்னை விடப் பத்து வயது பெரியவர்.

"அந்தப் பாட்டில் வேலைய நீங்களே பாத்துக்குங்க தம்பி," என்பார். "நான் சனிக்கிழமை சாமியார் முன்னால முழங்கால் போட்டுப் பாவத்தச் சொல்லணும்."

"நானும் சாமி கும்புடறவன்தான் சிஸ்டர்."

"உங்க சாமி கேள்வி கேக்காது. எங்க சாமியார் கேப்பாரு."

மூன்று வருஷம் கழித்து மோகனூர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், நீரில் சீழ். இடது சிறுநீரகம் சீழ்ப் பானையாகியிருந்தது. அதை எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினோம். கல் அப்போது கிடைத்தது, மூன்றாவது இடுக்கில். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு விலாப் பக்கத்துத் துவாரத்தில் வைத்த வடிகுழாயில் மூன்று வாரம் நீர் கசிந்துகொண்டே இருந்ததும், அது ஒருநாள் நின்றதும் நாங்கள் எல்லாரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது. வழி திறந்ததால் நின்ற கசிவு இல்லை அது. சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொண்டதால் நின்றது.

வராந்தாவில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒடஞ்ச முள்ளுதானுங்களா சாமி? அதுதான் உள்ளயே கெடந்து மறுக்காவும் வளந்திருச்சா? அன்னைக்கே நல்லாத் தேடச் சொல்லியிருக்கோணும். உட்டுட்டனே."

"இருக்கலாமுங்க," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இவ்வளவு வருஷம் ஆயிற்று.

அறுபதுகளின் நடுவில் எனக்கு முறை வந்தது. காலை நேரம், ஒரு குடலிறக்க ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. இடது விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல ஆரம்பித்தது. வலி முன்பக்கம் இறங்கி, தொடையிடுக்கு வழியாக விதை வரை போயிற்று. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தரியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். படம் எடுத்தார்கள். இரண்டாவது இடுக்கில், இடுப்பெலும்பு விளிம்பில், துவரம்பருப்பு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

பார்லித் தண்ணீர், ஊசி, காத்திருத்தல் எல்லாம் ஆயிற்று. கல் வெளியே வரவில்லை, வலி வந்து வந்து போயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் சொன்னேன்:

"சார், வழியில ஒரு படம்."

"எக்ஸ்ரே ரூமுல கரண்டு இல்லப்பா. வர்ற வரைக்கும் உன்னப் பட்டினி போட்டு வெச்சிருக்கவா? போன வாரந்தானே எடுத்தோம். உன் கல் எனக்குத் தெரியாதா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவ்வளவு வருஷம் கூட நின்றவனுக்கு அவர் அசட்டையாகச் செய்வாரா?

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. காது மட்டும் இருந்தது. அந்த அறையில் எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று என் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. கத்தி. இடுக்கி. உறிஞ்சும் குழாய். "ஆ, நெளியுது" என்றார் டாக்டர். என் குழாயைத் தொட்டுவிட்டார். சின்னக் கத்தி கேட்டார். பிறகு சத்தம் நின்றது.

கல் கிடைத்தால் கிண்ணத்தில் 'டிங்' என்று விழும். விழவில்லை.

"மெல்லிசுக் குழாய் குடுங்க," என்றார். கீழ்நோக்கி விட்டுப் பார்க்கிறார். "போகுதே. உள்ள போகுதே." கல்லை ஒட்டி நழுவிக்கொண்டும் குழாய் போகும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடிகாரம் ஓடியது.  அவர் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று பச்சைத் துணிக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரிந்துவிட்டது.

சிஸ்டரின் செருப்புச் சத்தம். அலமாரிக் கதவு. பிறகு, கண்ணாடி மேல் கண்ணாடி உரசும் சத்தம். அந்த மூடி கொஞ்சம் இறுக்கமானது. திருகித்தான் எடுக்க வேண்டும். திருகினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை அதுவரை நான் உண்டாக்கித்தான் கேட்டிருக்கிறேன்.

'டிங்.'

"கெடச்சுருச்சுப்பா," என்றார் டாக்டர், துணிக்கு மேலாக. "பாக்கறியா?"

கிண்ணத்தைக் காட்டினார்கள். முள் உடைந்த இடம் எனக்கு நேராக இருந்தது.

கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம். எனக்கு, புத்தகம் படித்த எனக்கு, பென்சில் படம் போட்டுக் காட்டிய மனுஷர், மூத்திரப்பைக் கல்லை எடுத்துக் காட்டுகிறார். குறைந்தபட்சம் சின்னதாக ஒன்றை எடுத்திருக்கலாம்.

வார்டில் என் மனைவி சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். "ஏனுங்க, பாருங்க. இத்தாச்சோடு பெருசு! இத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டா இத்தன நாளும் வேலைக்குப் போனீங்க?" அவள் கேட்டதும் சிஸ்டர் கல்லைக் கொடுத்துவிட்டாராம். மெட்ராஸ் விதியை அவருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் சிஸ்டர் கட்டு மாற்ற வந்தபோது, மனைவி டீ வாங்கப் போயிருந்தாள்.

"சிஸ்டர், எனக்கேவா?"

அவர் பஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டாக்டர் பாத்தாரு. நான் என்ன பண்றது? நீங்க காட்டிக் குடுத்த வழிதான தம்பி."

"எனக்குக் காட்டச் சொன்னேனா?"

"ஆள் பாத்துக் காட்டணும்னு சொன்னீங்களா?"

"சனிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"அது எனக்கும் சாமியாருக்கும்," என்றார். கட்டை வழக்கத்தை விட இறுக்கமாகப் போட்டார்.

கேஸ் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'கல் அகற்றப்பட்டது' என்று இருந்தது. நல்ல கையெழுத்து. அந்த ஒரு வரி எவ்வளவு கெட்டியான கதவு என்று எனக்குத் தெரியும். அகற்றப்பட்ட கல்லுக்கு யாரும் எக்ஸ்ரே எழுத முடியாது. எழுதினால் அகற்றப்படவில்லை என்று ஆகிவிடும்.

என் விலாவில் வைத்த வடிகுழாயும் நனைத்துக்கொண்டே இருந்தது. வழி திறந்திருந்தால் நாலைந்து நாளில் காய வேண்டும். நீருக்குக் கீழே போக இடமிருந்தால் பக்கவாட்டில் ஏன் வருகிறது? ஒன்பதாம் நாளும் கட்டு முழுக்க ஈரம். சுற்று வந்த டாக்டரிடம் சொன்னேன்.

"காயும்," என்றார்.

"ஒரு படம் எடுத்துட்டா..."

"எடுத்த கல்லுக்கு எவனாவது படம் எடுப்பானா?" என்று சிரித்தார். கூட நின்ற நர்சுகளும் சிரித்தார்கள். அடுத்த கட்டிலுக்குப் போகும்போது என் தோளைத் தட்டினார். என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் தெரிந்திருந்தது. பாட்டிலை முதலில் திறந்தது யார் என்று ஒரு கேள்வி வந்தால் பதில் என் பெயர்தானே.

அன்று மத்தியானம் மோகனூர் மூத்தவர் வந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருந்த தம்பியை வருஷத்துக்கு இரண்டு முறை பரிசோதனைக்குக் கூட்டி வருவார். வெளியில் விசாரித்து, நான் படுத்திருப்பதைக் கேள்விப்பட்டு, ஒரு சிப்பம் வெல்லத்தோடு என் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

"சாமிக்கே கல்லா? எங்கூருத் தண்ணியக் குடிச்சீங்களா?" என்று சிரித்தார்.

என் மனைவி கல்லைக் காட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தலைப்பை அவிழ்ப்பதைப் பார்த்தேன். தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது?

அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் தானாகவே சுற்றிப் போய், உடைந்த இடத்தில் நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு இல்லை.

"இது மெட்ராசுக்குப் போச்சுன்னீங்களே."

போர்வையை விலா மேல் இழுத்துவிட்டேன்.

"இந்த முள்ள நான் மறப்பனுங்களா? எத்தன வருசம் இத நெனச்சுக்கிட்டுக் கெடந்திருக்கறேன்." குரலை உயர்த்தவில்லை. "அப்ப எந்தம்பிக்கு அன்னைக்கு என்னத்தீங்க எடுத்தீங்க?"

"ஒண்ணும் எடுக்கலீங்க."

"உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணும் எடுக்கல."

என் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் கண்ணுல ஒத்திக்கிட்டது ஆரு கல்லுங்க?" என்றாள். 

மூத்தவர் குனிந்து என் விலாப் பக்கம் பார்த்தார். போர்வை நனைந்து மஞ்சளாகியிருந்தது.

"எந்தம்பிக்கும் இப்படித்தானுங்க நனைஞ்சுது. நின்னுபோச்சுன்னு நீங்கெல்லாம் சந்தோசப்பட்டீங்க." கல்லைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். "நிக்கறதுக்கு முன்னால வேற எங்கயாச்சும் போயிருங்க. இங்க கெடக்காதீங்க."

ஒன்பது நாளில் அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த சரியான வைத்திய ஆலோசனை அது ஒன்றுதான். சொல்லிவிட்டுத் திரும்பினார். நாலடி போனார். திரும்பி வந்து, வெல்லச் சிப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றே கிளம்பினேன். 'என் சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன், பின்விளைவுகளுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பல்ல' என்ற படிவத்தை நீட்டினார்கள். நூற்றுக்கணக்கான பேரிடம் நானே கையெழுத்து வாங்கிய படிவம். இரண்டு நகல். எங்கே கையெழுத்து என்று அவர்கள் காட்டுவதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

இரண்டு பஸ் மாறி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் வயதான டாக்டர், மெல்லப் பேசுவார்.

"கல் எடுத்தாயிற்று என்கிறார்கள். கல்லும் உங்கள் கையில் இருக்கிறது. பிறகு படம் எதற்கு?"

"இது என் கல் இல்லீங்க."

"எப்படித் தெரியும்?"

நடைமுறை எல்லாம் தெரிந்தவனுக்கு, இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. "இதுக்கு முன்னால ஏழெட்டுப் பேருக்கு நானே இதக் காட்டியிருக்கேன்," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே சீட்டை எழுதினார்.

துவரம்பருப்பு மூன்றாவது இடுக்கில் உட்கார்ந்திருந்தது. மோகனூர்த் தம்பிக்கு இருந்த அதே இடம்.

மறுநாள் நீர் பிரியும் வழியாக ஒளிக்குழாயை விட்டு மூத்திரப்பைக்குள் பார்த்தார்கள். உள்ளே குழாய்கள் வந்து திறக்கும் வாய்கள் இரண்டு சின்னக் கீறல்கள் போல இருக்கும், முறை வைத்து நீரைப் பீய்ச்சும். என் இடது வாய் பீய்ச்சாமல் வீங்கியிருந்ததாம், கல்லின் நுனி எட்டிப் பார்த்ததாம். அந்த வாயைக் கத்தரி நுனியால் ஒரு வெட்டு வெட்டினார், கல் பைக்குள் உதிர்ந்தது. வயிற்றில் புதிதாக ஒரு தையல்கூட இல்லை.

இந்த முறையும் எனக்கு நினைவு இருந்தது; இந்த முறையும் கிண்ணம் வந்தது. சின்னஞ்சிறு கல், ஒரு முனை கூராக. டாக்டர் புன்னகையோடு காத்திருந்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இது என்னுதுதானுங்களா?"

அவர் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. நாற்பது வருஷம் நாணயமாக வேலை செய்த ஒரு மனுஷனிடம் அப்படிக் கேட்டவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று சீட்டை எழுதிக் கொடுத்தார்.

எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்த்தேன். புள்ளி இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை. இரண்டாம் நாள் விலாக் கட்டு உலர்ந்து, அதற்குரிய வழியில் நீர் தாராளமாகப் போனபோதுதான் நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து வேலையில் சேர்ந்தேன். பெரிய டாக்டர், "தேறிட்டியா?" என்றார். "தேறிட்டேன் சார்," என்றேன். அவர் கை நீட்டுவதற்கு முன் கருவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மாற்றலாகும் வரை இன்னும் சில வருஷம் அப்படியே ஓடியது. இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பாட்டில் அலமாரியில்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை. அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கல் கிடைக்காத நாளில் வெளியே போய்க் கிடைக்கவில்லை என்று சொல்வேன். கூட்டம் என்னைத் திட்டும். நான் நின்று கேட்டுக்கொள்வேன். சிஸ்டர் ரிட்டயர் ஆன அன்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போனார். மோகனூர்க்காரர்கள் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவேயில்லை.

சின்னக் கல்லை மோகனூரில் ஆற்றில் போட்டுத் தலைமுழுக வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். அந்த ஊர் வழக்கத்தை அவளுக்குச் சொன்னவனே நான்தான். ஒரு வருஷம் சாக்குச் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறி, பவானிக்குப் போகும் பாலத்தில் நின்று காவிரியில் போட்டேன். அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. தலைமுழுகவும் இல்லை.

பெரிய கல்லையும் சட்டைப்பையில் கொண்டு போயிருந்தேன். அது என்னுடையது இல்லை என்பதால் போட முடியவில்லை. திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். சின்னதை எங்கே போட்டால் என்ன, அந்த ஆறு எப்படியும் மோகனூர் வழியாகத்தான் போகிறது.